பிளேடால் சுரண்டிய எண்

எங்கள் இரசாயன ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டோடு ஓய்வு பெறவிருக்கும் எனக்கு, நம் வகுப்பு மலருக்கு எழுத அவரைத் தவிர வேறு பொருள் எதுவும் தோன்றவில்லை.

செவ்வாய்ப் பிற்பகல் செய்முறை வகுப்பையும், மூன்றாம் மேசையின் ஒழுகும் குழாயையும், மணி அடித்த பின்னும் தொடரும் குடுவை கழுவலையும் நம் வகுப்பினருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. துளித்துளியாக இறக்கி அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை முதலில் அமிலத்தால் அலச வேண்டும், அதன் முனையில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது, குறித்த அளவு திரவத்தை எடுக்கும் பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது என்று வாரந்தோறும் அதே குரலில் அவர் சொன்னவை இன்றும் என் கைகளில் இருக்கின்றன. காரணம் சொல்லாமல் அவர் எதையும் செய்யச் சொன்னதில்லை. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்வதால் தராசில் நிறுத்த எடையை நம்ப முடியாது. உலர்த்திய சோடியம் கார்பனேட்டை நம்பலாம், அதில் 5.3 கிராமைக் கரைத்து ஒரு லிட்டருக்கு நிரப்பினால் 0.1 நார்மல் செறிவுள்ள கரைசல் கிடைக்கும் என்று அவர் விளக்கியது, தொழிற்சாலை வாயிலில் நான் எழுதிய முதல் தேர்விலேயே கேள்வியாக வந்தது.

அந்தக் கார்பனேட் கரைசலைக் கொண்டுதான் ஒரு நாள் எங்களுக்கு அமிலத்தின் செறிவைக் காணும் பயிற்சி நடந்தது. நிறம் மாறி முடிவைக் காட்டும் மெத்தில் ஆரஞ்சின் மஞ்சள் மாறத் தொடங்கிய துளியில் நிறுத்தினேன், பியூரெட்டிலிருந்து இறங்கிய அமிலம் 21.4 மில்லிலிட்டர். மறுமுறையும் அதுவே. பக்கத்திலிருந்த நண்பரின் ஏட்டில் 24.6 என்று இருந்தது. அவர் வகுப்பில் முதல் மாணவர். மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்த நிலையில், மையால் எழுதிய 21.4ஐ பிளேடால் சுரண்டிவிட்டு அவருடைய எண்ணை எழுதினேன்.

ஆசிரியர் அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுரண்டிய இடம் மெலிந்து, தாளில் ஒரு வெள்ளைப் புள்ளியாக ஒளிர்ந்தது. அடுத்தடுத்து இருப்பவர்களுக்கு வெவ்வேறு செறிவுள்ள அமிலம் கொடுத்திருந்ததாக அப்போதுதான் சொன்னார். எல்லோரும் சுற்றி நிற்க, என்னை மீண்டும் மூன்று முறை செய்யச் சொன்னார். கை நடுங்கியது, ஆனாலும் 21.4க்கு அப்பால் பியூரெட் ஒரு முறையும் போகவில்லை.

"உம்முடைய பியூரெட் சரியாகத்தான் சொன்னது, தம்பி. நீர்தான் அதை நம்பவில்லை."

பிழையான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, கீழே உள்ளது தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் இட வேண்டும் என்று காட்டி, அவரும் சிவப்பு மையில் ஒப்பமிட்டார். பல நாட்கள் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், இங்கே தொழிற்சாலையில் ஓர் இரவு, உற்பத்தியாகி வந்த அமிலத்தின் செறிவு வழக்கத்தைவிடக் குறைந்து காட்டியது. நேற்றைய எண்ணையே எழுதிவிடும்படி மேற்பார்வையாளர் வற்புறுத்தினார். மூன்று முறை செய்து பார்த்து, கண்டதையே எழுதிக் கையொப்பமிட்டேன். காலையில், அமிலத்தைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியைத் திறந்தபோது, குழாய் ஒன்று அரித்துப்போய்க் குளிர்நீர் அமிலத்தில் கலந்துகொண்டிருந்தது தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் ஆய்வுகூடத்தில் தமக்கு உதவியாக இருக்கும்படி ஆசிரியர் கேட்டார். இரண்டு ஆண்டுகளில் திரும்பி வருகிறேன், சேர் என்று சொல்லிப் புறப்பட்டவன் நான். சென்ற விடுமுறையில் ஊர் போயிருந்தபோதும், அவர் வீட்டுக்கு நாளை போகலாம் என்றே நாட்களைக் கழித்தேன். அந்த இரவு நடந்ததை அவருக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஒரு முறை கடிதத்தைத் தொடங்கியும் இருக்கிறேன். அது இன்னும் அந்தச் செய்முறை ஏட்டுக்குள்தான் கிடக்கிறது.