பழைய பாஸ்வேர்டு பிடித்த மெஷின்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சேர்ந்த அலுவலகத்தில் நாற்பது யூனிக்ஸ் மெஷின்கள் இருந்தன. எதில் உட்கார்ந்தாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. பயனர் பெயர், பாஸ்வேர்டு போன்ற பட்டியல்களை ஒரே இடத்தில் வைத்து எல்லா மெஷின்களுக்கும் கொடுக்கும் மென்பொருளான, சன் மைக்ரோசிஸ்டம்ஸின் என்ஐஎஸ் செய்த வேலை அது. முதலில் வைத்த பெயர் 'யெல்லோ பேஜஸ்'. பிரிட்டனில் அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகச் சின்னம் என்பதால் மாற்ற வேண்டி வந்தது. கட்டளைகளின் முன்னால் ஒட்டியிருந்த 'ஒய்பி' மட்டும் போகவில்லை. நாங்களும் ஒய்பி என்றுதான் சொல்வோம்.

மூலப் பட்டியல்கள் இருக்கும் மாஸ்டர் மெஷினில் பயனர் பட்டியலையோ ஹோஸ்ட் (மெஷின்களின்) பட்டியலையோ திருத்திவிட்டு 'மேக்' கட்டளை கொடுத்தால் போதும். அந்தப் பட்டியலிலிருந்து புது மேப் (மெஷின்கள் தேடிப் பார்க்கும் வடிவம்) உருவாகி, நகல் வைத்துக்கொண்டு மாஸ்டர் போலவே பதில் சொல்லும் ஸ்லேவ் சர்வர்களுக்குப் போய்விடும். மாஸ்டர் படுத்துவிட்டால் மொத்த அலுவலகமும் உறைந்துவிடக் கூடாதே என்று நானே இன்னொரு ஸ்லேவ் அமைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒருவர் வந்தார். "சார், நேத்து பாஸ்வேர்டு மாத்தினேன். என் மெஷின்ல இன்னும் பழசுதான் எடுக்குது." கேப்ஸ் லாக்கைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் மேலும் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மெஷினை ரீபூட் செய்ததும் சரியாகிவிட்டது. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

கடைசியில் ஒவ்வொரு மெஷினாகப் போய் 'ஒய்பிவிச்' அடித்துப் பார்த்தேன். எந்த சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் கட்டளை. தகராறு செய்த எல்லாமே என் புது ஸ்லேவைப் பிடித்திருந்தன. எங்கள் மெஷின்கள் பூட் ஆகும்போது நெட்வொர்க்கில் பொதுவாகக் கூப்பிட்டு, முதலில் பதில் சொல்லும் சர்வரோடு ஒட்டிக்கொள்ளும். ரீபூட் செய்தவருக்கு அதிர்ஷ்டம், மாஸ்டர் முந்திக்கொண்டது.

ஸ்லேவை அமைத்த அன்று மேப்கள் எல்லாம் ஒழுங்காக நகலாகியிருந்தன. ஆனால் மாஸ்டரில் உள்ள 'ஒய்பிசர்வர்ஸ்' மேப்பில் அதன் பெயரைச் சேர்க்க மறந்திருந்தேன். பட்டியலில் இல்லாத சர்வருக்கு மாஸ்டர் எதையும் அனுப்பாது. ஒரு மாதமாக அது பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தது.

பெயரைச் சேர்த்தேன். தவறிப்போனாலும் ஸ்லேவே வந்து மேப்பை எடுத்துக்கொள்ளட்டும் என்று தினமும் தானாக ஓடும் க்ரான் வேலை ஒன்றும் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த மாதத்தில் வேலையை விட்டுப் போனவர் ஒருவர் உண்டு. மாஸ்டரில் அழித்த அவர் கணக்கு ஸ்லேவில் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "யாராவது லாகின் பண்ணாங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு பத்து மணி வரை லாக் கோப்புகளைப் புரட்டினேன். யாரும் வரவில்லை.