கழுத்துப்பட்டையில் படாத மை

“எனக்குப் பயமே இல்லை” என்றார் அந்த அம்மையார். அந்த வாக்கியத்தை மட்டும் என் கட்டுரையில் நான் சேர்க்கவில்லை.

அவருடைய மாஸ்கோ சமையலறை மேசையில் பள்ளிப் பாடநூல் விரிந்திருந்தது. 1935இல் சோவியத் ராணுவத்தின் மிக உயர்ந்த பட்டமான மார்ஷல் பட்டம் பெற்ற ஐவரின் படம். துகாசெவ்ஸ்கி 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிளூஹெர் 1938இல் காவலில் இறந்தார். யெகோரோவ் 1939இல் சுடப்பட்டார். ஸ்டாலினின் களையெடுப்பில் ஒவ்வொருவர் வீழ்ந்ததும் ஆசிரியை பக்க எண்ணைச் சொல்வார். பிள்ளைகள் மை பூசுவார்கள். மூன்று முகங்களும் முழுக்கக் கறுத்திருந்தன. கழுத்துப்பட்டை நட்சத்திரங்களில் ஒரு துளிகூடப் படவில்லை. பக்கத்தைச் சாய்த்தால் மை செம்பு நிறத்தில் மின்னியது.

நான் ரஷ்யாவுக்குப் போனதே சோவியத் வடிவமைப்புக் கலைஞர் ரோத்சென்கோவுக்காக. 1934இல் தானே வடிவமைத்த ‘உஸ்பெகிஸ்தானின் பத்து ஆண்டுகள்’ நூலின் சொந்தப் பிரதியில், வீழ்ந்த கட்சித் தலைவர்களின் முகங்களை அவர் மையால் மூடினார். அத்தகைய படங்களை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தாயிருந்த காலம். ஒரு கலைஞனின் அச்சம் காகிதத்தில் படிந்த விதம் என்றுதான் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசிவந்தேன். அந்தப் பக்கத்தின் நகலை அம்மையாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“இது பயந்தவர் பூசியது. எனக்குப் பயமே இல்லை. சுத்தமாகப் பூசினேன் என்று ஆசிரியை வகுப்பிலேயே பாராட்டினார்.”

“நீங்கள் குழந்தைதானே அம்மா” என்றேன், சட்டென்று.

அவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் ஊற்றினார். அதன்பின் மை பற்றிப் பேச்சில்லை.

ஆறுதலாகத்தான் சொன்னேன் என்று இன்றும் நம்புகிறேன். பத்து வயதுப் பெண்ணின் பெருமிதத்தை அச்சிலேற்றினால் படிப்பவர்கள் அவரைத்தானே குற்றவாளியாக்குவார்கள்? ஆனால் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாடநூலைப் பத்திரமாக வைத்திருந்தவர், நடந்ததை நடந்தபடி ஒருவரிடமாவது சொல்ல நினைத்திருக்கலாம். அதைக் கேட்க ஒரு நிமிடம்கூட நான் பொறுக்கவில்லை. கைவேலை நன்றாக அமைந்த மகிழ்ச்சி அச்சம் பற்றிய என் கோட்பாட்டுக்குள் அடங்கவில்லை என்பதும் காரணமாக இருக்குமோ? இருக்கலாம். அதற்காக அவரைக் காக்க நினைத்தது பொய்யாகிவிடாது.

அவர் இப்போது இல்லை. போன மாதம் மறுபதிப்புக்காக அந்த வாக்கியத்தைச் சேர்த்தேன், மறுநாள் நீக்கினேன். எந்தப் பிள்ளையின் நூலிலாவது ஒரு முகம் தப்பியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியை. பாராட்டும்போது அவர் குரல் எப்படியிருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.