டேங்க் ஓரத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம்: மாற்று ஃபேரிங் பொருத்திய அனுபவம்

பைக்கின் பெட்ரோல் டேங்குக்கும் இடது பக்கப் பேனலுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் சந்து. வலது பக்கத்தில் 6. மாற்று ஃபேரிங்கின் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை) எல்லாப் பேனல்களையும் மாட்டி, போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டு அளந்தபோது கிடைத்த கணக்கு இது.

போல்ட்டை இறுக்கினால் வலது பக்கம் உள்ளே வந்துவிடும். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வளைத்து இழுத்துக் கட்டிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அந்த இழுவிசை அப்படியே தங்கியிருக்கும். எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொண்டால், துளையின் விளிம்பிலிருந்து மயிரிழை போல விரிசல் கிளம்பும். ஆகவே இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பேனல் தானாக உட்கார வேண்டும், போல்ட் அதைப் பிடித்துக்கொள்ள மட்டும் வேண்டும்.

சந்து கண்ணில் படுகிற இடம் டேங்க் ஓரம். அது உண்டாகிற இடம் பெரும்பாலும் வண்டியின் முகப்பு. முகப்புப் பேனலையும் ஹெட்லைட்டையும் தாங்குகிற பிராக்கெட், சேஸிஸின் கழுத்தில், அதாவது ஸ்டீயரிங் தண்டு நுழையும் பகுதியில், ஏறியிருக்கிறது. பக்கப் பேனல்கள் முகப்பைப் பிடித்துத் தொங்குகின்றன. பிராக்கெட் சற்றே முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கோணல் பின்னால் போகப்போக வளரும். வண்டி ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே போதும், வெளியே கீறல்கூட இல்லாமல் பிராக்கெட் வளைந்திருக்கும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் தண்டின் மேல் நட்டின் மையத்திலிருந்து, பிராக்கெட்டில் பக்கக் கண்ணாடி மாட்டும் இரு துளைகளுக்கும் அளவு நாடாவைப் பிடித்தேன். இடது 313 மில்லிமீட்டர், வலது 318. குற்றவாளி கையில் சிக்கிவிட்டது. பிராக்கெட்டின் வலது கை முன்னால் தள்ளிப்போயிருந்ததால், அந்தப் பக்கப் பேனலும் டேங்கை விட்டு முன்னால் நகர்ந்திருக்கிறது. என் வண்டியில் பிராக்கெட் இரும்புக் குழாயால் ஆனது. மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் பிடித்து, சிறிது சிறிதாக வளைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து நேராக்கினேன். வார்ப்பு அலுமினியமாக இருந்திருந்தால் இந்த வேலைக்கே போகக் கூடாது. அது வளைவதை விட உடைவதற்கே வாய்ப்பு அதிகம், புதியது வாங்கிவிடுவதே நல்லது.

மீண்டும் மாட்டியபோது சந்து இடப்பக்கம் 3.5, வலப்பக்கம் 4.5. மீதி வித்தியாசம் பேனலுடையது. துளைகளில் அரம் வைப்பதானால் இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். பிராக்கெட்டைச் சரிபார்க்காமல் துளையை அறுத்தால், கோணலுக்கு ஏற்ற துளைதான் கிடைக்கும்.

வலது பேனலின் கீழ்த் துளை, சேஸிஸில் அது உட்கார வேண்டிய மேட்டோடு ஒத்துப்போகவில்லை. மேட்டின் முனையில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்து, பேனலைத் தன் இடத்தில் பிடித்து மெல்ல அழுத்தி எடுத்தேன். பேனலின் உட்புறத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் பொட்டு பதிந்தது: துளையின் மையத்துக்குக் கீழே, சற்றுப் பின்னால், சுமார் 2 மில்லிமீட்டர். வட்ட அரத்தால் அந்தத் திசையில் மட்டும் தேய்த்தேன். டிரில் வேண்டாம், சாதாரண டிரில் முனை ஏற்கெனவே இருக்கும் துளையின் விளிம்பைக் கவ்வி உடைத்துவிடும். தேய்த்த விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் மழுக்குவது கட்டாயம். கூரான மூலைகளில்தான் விரிசல் தொடங்குகிறது.

பேனலின் மேல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காது மட்டும் வெளிப்பக்கம் விரிந்து நின்றது. ஏ.பி.எஸ். ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸில் இளகும். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில், உட்புறத்திலிருந்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினேன். காது இளகியதும் கையுறை அணிந்த விரலால் இடத்துக்குத் தள்ளி, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தேன். மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

துளை போல்ட்டை விடச் சற்றுப் பெரிதாக இருப்பது குறையே அல்ல. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் இந்த பிளாஸ்டிக் இரும்பை விடப் பல மடங்கு விரிகிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பேனல் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அது நகர இடம் வேண்டும். ரப்பர் கிரோமெட் (துளையில் மாட்டும் வளையம்), அதற்குள் உலோகக் காலர் (போல்ட் நுழையும் குட்டிக் குழல்), அகன்ற வாஷர் மூன்றும் இருந்தால் போல்ட்டின் இறுக்கம் காலரோடு நின்றுவிடும், பேனல் நசுங்காது. மாற்று ஃபேரிங் பெட்டியில் இந்தக் காலர்கள் பெரும்பாலும் வருவதில்லை. பழைய பேனல்களிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்தியவையே எனக்குக் கைகொடுத்தன. இன்னொன்று: போல்ட் கழலாமல் இருக்கத் தடவும் மரைப்பூட்டுத் திரவம் ஏ.பி.எஸ்.ஸில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடக்கூடும். பேனல் போல்ட்டுகளுக்கு அதை நான் தொடுவதே இல்லை.

கடைசியாக முகப்பிலிருந்து பின்னோக்கி, இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். கையளவு இறுக்கமே போதும். ஹாண்டில்பாரை இரு பக்கமும் முட்டும்வரை திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அழுத்திப் பார்த்தேன். கேபிளோ பிரேக் குழாயோ எங்கும் உரசவில்லை. டேங்க் ஓரத்தில் இப்போது இரு பக்கமும் 4 மில்லிமீட்டர்.

எஞ்சினுக்கு அடியில் வரும் பேனல் இன்னும் மீதி. சைலன்சர் குழாய் அதற்கு மிக அருகில் போகிறது. உட்புறத்தில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் ஒட்டிய பிறகே அதை நிரந்தரமாக ஏற்றுவேன். பெயின்ட் அடிப்பது அதற்கும் பிறகு.