நேராகப் போகச் செய்த கார்

மூன்றாவது ஓட்டத்தின் நடுவில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கிறது, நான் இரண்டு கையாலும் இழுக்கிறேன், அது அசைவதாக இல்லை. இரண்டு சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றேன். பானட்டைத் திறந்தால் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கொதித்து, டப்பாவின் மூடி வழியே பொங்கி, பக்கத்துக் குழாய்களையெல்லாம் நனைத்திருந்தது. என் முதல் ட்ரிஃப்ட் நாள், அதாவது காரை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவுகளை ஓட்டும் நாள், அத்தோடு முடிந்தது. மணி பத்துகூட ஆகவில்லை.

என் கார் பிஎம்டபிள்யூ இ36, 325ஐ. வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டரை லிட்டர், தொழிற்சாலையை விட்டு வரும்போது 192 குதிரைத்திறன். இப்போது அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று தெரியாது. "இன்ஜினில் என்ன செய்திருக்கிறாய்?" என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. ட்ரிஃப்ட் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் டொயோட்டா ஏஇ86, ஜப்பானில் விற்றபோது 130 குதிரைத்திறன்தான். அதை வைத்துக்கொண்டே ட்ரிஃப்டைப் பிரபலமாக்கிய ஜப்பானிய ஓட்டுநர் கெய்ச்சி சுசியா மலைப்பாதைகளில் பெயர் வாங்கினார். எனக்குப் பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. இந்தக் கார் நேராகப் போவதற்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓட்டினால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு திரவமும் குழம்பிப் போகிறது.

ஸ்டீயரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் அதை முழுக்கத் திருப்புவது வண்டியை நிறுத்தும்போது மட்டும், அதுவும் இரண்டு விநாடி. இன்ஜின் அப்போது மெதுவாக ஓடும். ட்ரிஃப்டில் இன்ஜின் ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றில் அலற, ஸ்டீயரிங் கடைசி எல்லையில் முட்டிக்கொண்டே வளைவு முழுக்கக் கிடக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் வால்வு வழியே அங்கேயே சுற்றிச் சுற்றிச் சூடாகிறது. தீர்வு எளிதுதான்: திரும்பி வரும் குழாயில் உள்ளங்கை அளவு கூலர் ஒன்று, புது எண்ணெய், டப்பாவின் மூடிக்கு நல்ல வாஷர். முதல் நாளுக்கு முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன், அப்போது சக்கரத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரேடியேட்டர் கதையும் இதுதான். காற்று முன்னாலிருந்து வரும் என்று நம்பி வைத்த சாமான் அது. கார் நாற்பது டிகிரி சாய்ந்து போகும்போது காற்று ஹெட்லைட்டிலும் ஃபெண்டரிலும் அடிக்கிறது, கிரில்லுக்குள் கொஞ்சம்தான் நுழைகிறது. வேகமோ அறுபது, எழுபது கிலோமீட்டர். ஆக மின்விசிறியை மட்டும் நம்ப வேண்டியதுதான். இ36இல் இதற்கு மேல் ஒரு தலைவலி உண்டு. ரேடியேட்டரின் பக்கத் தொட்டியும் ஹோஸ் மாட்டும் கழுத்தும் பிளாஸ்டிக், வயதானால் பட்டென்று உடையும். பல கார்களில் தண்ணீர் பம்பின் உள்சக்கரம்கூட பிளாஸ்டிக். அலுமினிய ரேடியேட்டரும் உலோகச் சக்கரம் வைத்த பம்பும் மாட்டினேன். ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளை ஸ்பாஞ்சு வெட்டி அடைத்தேன், நுழைகிற கொஞ்சக் காற்றும் பக்கத்தில் நழுவாமல் உள்ளே போகட்டும் என்று. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. வெப்பநிலை காட்டும் முள் நடுவை விட்டு நகர்வதில்லை.

சரி, இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கு வருவோம். சாதாரண டிஃபரன்ஷியல் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சக்தியை விட்டுக்கொடுத்துவிடும். வளைவில் உள்சக்கரம் வீணாகச் சுழன்று புகையும், வெளிச்சக்கரம் சும்மா உருளும், கார் நிமிர்ந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் நல்ல எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) மாட்ட வசதியில்லாத எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டு வைத்துவிட்டால் பின்சக்கரங்கள் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். நண்பனின் கராஜில் இரவு பதினொரு மணிக்கு, கியர் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, "இது போதும்டா" என்று அவன் சொல்ல, வைத்தோம். இரண்டாவது நிகழ்விலேயே 'டக்' என்று ஒரு சத்தம். எண்ணெய் ஊறிய இரும்பில் வெல்டு ஒட்டாது என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். அடுத்த முறை பாகத்தைக் கழற்றி கரைப்பானில் ஊறவைத்து, சூடேற்றி, இரண்டு பக்கமும் இரும்புத் துண்டு வைத்து வெல்டு போட்டு, மெதுவாக ஆறவிட்டோம். இன்று வரை தாங்குகிறது. நிறுத்துமிடத்தில் திரும்பும்போது மட்டும் டயர்கள் கீச்சிட்டுக் குதிக்கும், பக்கத்திலிருப்பவர்கள் கார் உடைந்துவிட்டது என்று இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

அப்புறம் ஸ்டீயரிங் கோணம். பின்பக்கம் ஓடிவிட்டால் முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் சமாளிக்க முடியும், திருப்ப இடம் தீர்ந்தால் சுழன்றுவிடுவோம். முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகத்தில் ஸ்டீயரிங் கம்பி இணையும் கையைக் குட்டையாக்கினால், அந்தக் கம்பியைத் தள்ளும் ரேக் அதே தூரம் நகர்ந்தாலும் சக்கரம் அதிகமாகத் திரும்பும். அப்படிக் குட்டையாக்கிய ஒரு ஜோடியை வாங்கி மாட்டினேன். மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்க, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி பிரேக் ஹோஸைப் பார்ப்பது. என்னுடையது வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. அப்படியே இறங்கியிருந்தால் எந்த வளைவில் பிரேக் போயிருக்குமோ. நீளமான ஹோஸ் வந்து சேரும் வரை ஒரு வாரம் கார் ஸ்டாண்டிலேயே நின்றது.

சக்கரங்கள் நிற்கும் சாய்வையும் திசையையும், அதாவது அலைன்மென்டை, மாற்றியது ஸ்டீயரிங் கோணத்தைவிடப் பெரிய வித்தியாசம் தந்தது. முன்சக்கரத்தின் தலை உள்பக்கம் நாலு டிகிரி சாய்வு, பின்சக்கரம் கிட்டத்தட்ட நிமிர்ந்து, அதன் முன்விளிம்பு கொஞ்சம் உள்நோக்கி. காஸ்டரை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, கூட்டியதும், பின்பக்கம் வெளியே போகிற நொடியில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகவே விறுவிறுவென்று சுழன்று தனக்கு வேண்டிய இடத்தில் போய் நிற்கிறது. முதல் முறை அது நடந்தபோது பேய் ஓட்டுகிறது என்றே நினைத்தேன். நான்தான் அதுவரை அதை ஓட்டவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்சக்கரங்களை எண்ணெய் அழுத்தத்தால் சட்டென்று பூட்டும் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் இன்னும் மாட்டவில்லை. இ36இன் ஹேண்ட்பிரேக், பின் டிஸ்க்குக்குள் ஒளிந்திருக்கும் குட்டி டிரம்மில் வேலை செய்கிறது. வண்டியை மேட்டில் நிறுத்த அது போதும், ஓடும் சக்கரத்தை ஒரே இழுப்பில் பூட்டும் அளவுக்குப் பிடிக்காது. அதனால் பின்பக்கத்தைச் சறுக்கவைக்க கிளட்ச் கிக்தான், ஆக்சிலரேட்டரை விடாமல் கிளட்சை ஒரு உதை. கிளட்ச் பாவம்.

ஓட்டத்துக்கு முன் கார்களைச் சோதிக்கும் பரிசோதனை வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் காருக்குப் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. நான் அதை ரப்பர் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். பரிசோதகர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக அங்கே போய், இரண்டு விரலால் ஆட்டினார். "ஆடுதே தம்பி" என்றார், வேறெதுவும் பேசவில்லை. அடுத்து டிரைவர் சீட்டுக்குக் கீழே கைவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவில்லை, பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். இப்போது சக்கர போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவதை ஒவ்வொரு டயர் மாற்றத்துக்குப் பிறகும் செய்கிறேன். பின்டயர்களை கம்பி தெரியும் முன் கழற்றுகிறேன். ஒருமுறை பேராசைப்பட்டு இன்னும் ஒரே ஓட்டம் என்று போனதில், டயரின் மேல்தோல் பிய்ந்து சாட்டையாகச் சுழன்று பின்பம்பரை அடித்து இறக்கிவிட்டது.

போன மாத நிகழ்வில் பன்னிரண்டு ஓட்டம் முழுதாக ஓடினேன், பதின்மூன்றாவதில் நீண்ட வளைவின் நடுவே இன்ஜின் இருமியது. பெட்ரோல் தொட்டி சேணம்போல இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறது, பம்ப் இருப்பது ஒரு பக்கம் மட்டும். கால் தொட்டியோடு ஓட்டினால் பெட்ரோல் முழுதும் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ளும். திரவங்களில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இனி பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

மிச்சம் ஒன்றுதான் என்று நண்பனிடம் சொன்னேன். அவன் இன்ஜின் ஆயிலைக் கேட்டான். இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில், உச்சச் சுற்றிலேயே ஓட்டி ஓட்டி ஆயில் பம்பின் பல்சக்கரத்தைப் பிடிக்கும் நட்டு தளர்வது வழக்கம் என்று எங்கோ படித்திருந்தேன், படித்ததோடு விட்டுவிட்டேன். அந்த நட்டைப் பார்க்க, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்ற வேண்டும்; அதற்கு இன்ஜினைத் தொங்கவிட்டு, அதன் கீழே இருக்கும் முன் சப்ஃபிரேம் என்ற சட்டத்தை இறக்க வேண்டும், ஒரு முழு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம். ரெஞ்சை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா விரலால் நட்டைத் தொட்டேன். சுழன்றது.