கஞ்சமலையில் முள் காட்டிய வடக்கு

நிலவியல் களப்பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, மே மாதத் தொடக்கத்தில், சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறைப் பட்டைகளை வரைபடத்தில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. இடுப்பில் பிரண்டன் திசைகாட்டியும், சட்டைப் பையில் பொத்தான் அளவுள்ள இன்னொன்றும் இருந்தன. சிறியது ஜெர்மனியிலிருந்து உறவினர் வாங்கி வந்தது. வட ஐரோப்பாவில் முள்ளின் வடமுனை நிலத்தை நோக்கிச் சாயும் என்பதால் தென்முனையில் எடை சேர்த்திருப்பார்கள். முள் எப்பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்கே அந்தச் சாய்வு மிகக் குறைவு, ஆகவே அந்த எடையே தென்முனையைத் தாழ்த்தி அடித்தட்டில் உரச வைத்தது. பெட்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் முள் சுழலும்.

அன்று காலை முகட்டிலிருந்து கீழேயிருந்த ஒற்றைப் பனையின் திசைக்கோணத்தை, அதாவது முள் காட்டும் வடக்கிலிருந்து அது எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை, எடுத்தேன். பனையடிக்கு இறங்கி முகட்டைத் திரும்பப் பார்த்தால் 180 பாகை வேறுபாடு வர வேண்டும், 163 வந்தது. சுத்தியலைக் கழற்றித் தள்ளி வைத்தும் மாறவில்லை. மறுபடி முகட்டுக்கு ஏறிச் சிறிய திசைகாட்டியை எடுத்தேன். அதுவும் பிரண்டன் காட்டிய வடக்கையே காட்டியது. இரண்டும் ஒத்துப்போனதால், பனையடியில்தான் தவறாகப் பார்த்திருக்கிறேன் என்று முடிவு செய்து, முகட்டில் நின்றே மேலும் ஆறு இடங்களைக் குறித்துவிட்டேன்.

மூத்த நிலவியலாளர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு முள்ளும் ஒரே காந்தத்தைத்தானே பாக்குது? வேற சாட்சி வேணும்" என்றார். கஞ்சமலையின் இரும்புத்தாது, காந்தத்தன்மையுள்ள மாக்னடைட் கனிமம் கலந்த குவார்ட்சைட் பாறை. அந்தப் பட்டையின்மேல் நின்றால் முள் காலடிப் பாறைக்கும் இழுபடும். கடிகாரத்தின் மணிமுள்ளைச் சூரியன் பக்கம் திருப்பித் தெற்கைக் காணலாமே என்றேன். நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் நாடுகளின் முறை அது என்று தடுத்தார். சேலத்தின் அட்சரேகையில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது.

ஆகவே நட்ட குச்சியின் நிழலை வைத்துத் திசை காணும் தச்சர்களின் சங்கு முறைக்குப் போனோம். முகட்டின் சமமான மண்திட்டில் ஒரு முழக் குச்சியை நட்டு, கயிற்றில் கட்டிய கல்லைத் தொங்கவிட்டு நேர்பார்த்து, பதினொரு மணி நிழலின் நீளத்துக்கு வட்டம் இழுத்து, நிழல்நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்தோம். பன்னிரண்டேகால் அளவில் நிழல் இரண்டு விரற்கடைக்குச் சுருங்கித் தெற்கே கிடந்தது. ஒன்றரைக்குச் சற்றுமுன் நுனி மறுபடி வட்டத்தைத் தொட்ட இடத்தில் இரண்டாவது கல்லை வைத்தோம். இரண்டு கற்களையும் இணைத்த கயிறு சரியான கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தான வடக்கிலிருந்து முள் 18 பாகை மேற்கே விலகியிருந்தது. இப்பகுதியில் காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் இயல்பான வேறுபாடு 2 பாகையைத் தாண்டாது.

ஆறு அளவுகளும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை என்பதால் ஒவ்வொன்றிலும் 18ஐக் கழித்துத் திருத்தினோம். அடுத்த பட்டையில் விலகல் வேறாக இருக்கும். அங்கே வடக்கையே தேடாமல், நின்ற இடத்திலிருந்து பனைக்கும் புதிய இடத்துக்கும் உள்ள கோணங்களின் வித்தியாசத்தை மட்டும் எழுதினேன். முள் எவ்வளவு விலகியிருந்தாலும் அந்த வித்தியாசம் கெடுவதில்லை.