தாத்தா, நீங்களும் கையை நீட்டுங்க

அம்மாவுக்கு 22 வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதமும் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து 72 படி இறங்கினால் எங்கள் வீடு. அந்தப் படியில் அம்மாவைத் தூக்கி ஏற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை என்பதால் கட்டில், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தேயிலைச் சரிவு, இவ்வளவுதான் இப்போது அவளுக்கு. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் அப்பா. வயது 79.

இரண்டு பேரும், சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்கிருந்து வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றவர்கள். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்து கொழுந்து பறித்த அம்மாவை இப்போது அப்பாதான் குளிப்பாட்டுகிறார், இன்சுலின் போடுகிறார், களி கிண்டி ஊட்டுகிறார். நான் குன்னூரில் வேலையில் இருக்கிறேன், சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். தினமும் ராத்திரி போன் பண்ணிக் கேட்பேன்: "அம்மா எப்படி இருக்காங்க?" இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறேன் என்பது இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

போன வருடம் ஜனவரியில் உறைபனி விழுந்த வாரம். அம்மாவுக்குக் கால் சில்லிட்டுப் போகிறது என்று அப்பா தினமும் ராத்திரி ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்திருக்கிறார். சனிக்கிழமை நகம் வெட்ட உட்கார்ந்தபோது இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். தண்ணீர் கோத்து, ஓரம் கறுத்துப்போய் இருந்தது. தொட்டேன். "வலிக்குதாம்மா?" "எங்க?" என்றாள். அவளுக்குத் தெரியவே இல்லை. அது ஆற மூன்று மாதம் ஆனது. அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

இதை மலையில் இருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பல வருடச் சர்க்கரையில் காலின் நரம்பு கெட்டு உணர்ச்சி மங்கிவிடும், சூடு பட்டால் நாமெல்லாம் தூக்கத்திலும் காலை இழுத்துக்கொள்வோம், அந்தக் கால் இழுத்துக்கொள்ளாது. அதனால் வெந்நீர்ப் பை, குளிர்காய்கிற நெருப்புச் சட்டி, ஹீட்டர் எதுவும் அந்தக் காலுக்குப் பக்கத்தில் வேண்டாம். தளர்வான கம்பளி சாக்ஸ் போதும். தினமும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கால் கழுவுகிற தண்ணீரில் முதலில் நம் முழங்கையை வைத்துப் பார்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இத்தனை வருடத்தில் அம்மாவின் சீட்டில் எத்தனையோ மருந்து மாறியது, ஆனால் அம்மாவைத் தொட்டுத் தூக்குகிற அப்பாவிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்தது ஏப்ரலில். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், அதில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்களுக்கு வருகிற சுகாதாரத் தன்னார்வலர் ஓர் இளம்பெண். அன்றைக்கு அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு மிஷினைச் சுருட்டப் போனவள், தண்ணீர்க் குடத்தோடு மூச்சு வாங்க உள்ளே வந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்களும் கையை நீட்டுங்க" என்றிருக்கிறாள்.

190க்கு 110.

அப்பாவுக்கும் எட்டு வருடமாகப் பிரஷர் மாத்திரை உண்டு. ஐந்து மாதமாக அவர் அதைப் போடவே இல்லை. மாத்திரை வாங்க 72 படி ஏறி, பஸ்ஸுக்கு நின்று, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று திரும்பி வர அரை நாள் ஆகும். "அவளைத் தனியா விட்டுட்டு எங்க போறது?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம் நாட்டில் 2017–18இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களைப் பார்த்துச் செய்த பெரிய முதுமை ஆய்வு ஒன்று இருக்கிறது, அதன்படி 60 தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு நாள்பட்ட நோய் உண்டு. அப்படியானால் வயதான கணவன் மனைவியில் ஒருவர் நோயாளி, இன்னொருவர் ஆரோக்கியமாகப் பார்த்துக்கொள்கிறவர் என்று நாம் மனதில் வைத்திருக்கிற படமே பல வீடுகளில் தப்பு. இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் எழுந்து நடமாடுகிறார், அவ்வளவுதான்.

1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. 66 முதல் 96 வயது வரையான தம்பதிகளை நான்கு வருடம் கவனித்திருக்கிறார்கள். துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் உடலோ மனதோ அழுத்தத்தில் இருக்கிறது என்று சொன்னவர்கள் இறந்துபோகும் அபாயம், அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். ஆனால் பார்த்துக்கொண்டும் அழுத்தம் இல்லை என்று சொன்னவர்களிடம் அப்படி ஒரு ஏற்றம் தெரியவில்லை. இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவரைக் கொல்லாது. யாரும் கை கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து.

ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980இல், பார்த்துக்கொள்கிறவரின் சுமையை அளப்பதற்காகவே ஒரு கேள்வித்தாள் செய்தார்கள், இப்போது பரவலாகப் பயன்படுவதில் 22 கேள்விகள், 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0, 'கிட்டத்தட்ட எப்போதும்' என்றால் 4. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தூங்கினதும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அப்பாவிடம் அவற்றை நம்ம பேச்சில் மாற்றிக் கேட்டேன். உங்களுக்குன்னு நேரமே இல்லைன்னு தோணுதா? "எனக்கு எதுக்கு நேரம்." இவங்களைப் பார்த்துக்கறதால உங்க உடம்பு கெடுதா? பேசாமல் விறகைத் தள்ளினார். கடைசிப் பக்கம் ஒரு கேள்வி, இன்னும் நல்லாப் பார்த்துக்கலாமேன்னு தோணுதா என்று. உடனே சொன்னார்: "எப்பவும்." அந்தக் குதிகாலைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். கூட்டி மதிப்பெண் போட மனசு வரவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

சரி, என்ன செய்தால் இந்தச் சுமை குறைகிறது? எனக்கு நம்பிக்கை கொடுத்தது கோவாவில் நடந்து 2008இல் வெளியான ஒரு சோதனை. ஞாபக மறதி நோய் உள்ளவர்கள் இருக்கிற 81 குடும்பங்கள். பாதிப் பேர் வீட்டுக்கு, பயிற்சி கொடுத்த உள்ளூர்க்காரர்களே ஆறு மாதம் போய் வந்து, நோய் என்ன, எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். நோய் மாறிவிடவில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தேறியது, தவிப்பு குறைந்தது. பின்னாலிருந்து வழிகாட்ட ஒரு மனநல டாக்டர் இருந்தார், ஆனால் வீடு வீடாகப் போக டாக்டர் வேண்டியதில்லை, பெரிய கட்டடம் வேண்டியதில்லை, படியிறங்கி வருகிற ஒரு ஆள் போதும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் நடத்தியது இன்னொரு விதம்: நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு ஆறு வாரம், வாரம் இரண்டரை மணி நேரம் வகுப்பு, சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் அதேபோல நோயோடு வாழ்கிறவர்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலன் சின்னதுதான் என்கின்றன, இருக்கட்டும். பட்டவர் வாயால் கேட்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

மேல் வரிசை வீட்டு அக்கா தன் மாமியாரை இதே பக்கவாதத்தில் ஆறு வருடம் பார்த்தவர். அப்பா அம்மாவின் இடது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதைப் பார்த்துப் பதறி, "மாமா, விழுந்த கையை இழுக்காதீங்க, தோள்பட்டை இறங்கிடும்" என்று சொல்லி, அம்மாவின் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிப் பிடித்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டினார். அப்பாவின் முதுகுவலி பாதி குறைந்தது அதற்கப்புறம்தான்.

இப்போது அந்தத் தன்னார்வலர் வரும்போதெல்லாம் அப்பாவுக்கும் பிரஷர் பார்க்கிறாள், அவருடைய மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. எங்கள் நல்ல காலம், அவள் கண்ணில் அன்றைக்கு அப்பா பட்டார். எல்லா வீட்டிலும் அப்படிப் படுவார் என்று விட்டுவிட முடியாது. படுத்திருக்கிறவருக்கு ஒரு அட்டை இருக்கிற மாதிரி, பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒரு அட்டை வேண்டும், அவருடைய பிரஷர், சுகர், போன வாரம் எத்தனை ராத்திரி தூங்கினார் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். இதை நான் மனுவாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா வந்து அம்மாவோடு உட்காருகிறார், அப்பா வெளியே போகலாம் என்று ஏற்பாடு. முதல் வாரம் டீக்கடை வரை போய் இருபது நிமிடத்தில் ஓடி வந்துவிட்டார். இரண்டாம் வாரமும் அப்படித்தான். போன வாரம் இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். ராத்திரி நான் போன் பண்ணி முதலில் அப்பாவைத்தான் கேட்டேன். பின்னாலிருந்து அம்மாவின் குழறின குரல் கேட்டது: "கடையில போய் முகம் மழிச்சுட்டு வந்திருக்காரு, கேளு."