பிரிட்டனில் ஓராண்டு மேலாண்மை முதுகலை: வேலை தேடுவதற்கான நாட்காட்டி

வகுப்பு செப்டம்பரில் தொடங்கும். பெரிய வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் அடுத்த ஆண்டு கிராஜுவேட் ஸ்கீமுக்கான (புதிய பட்டதாரிகளைப் பயிற்சியோடு வேலைக்கு எடுக்கும் திட்டம்) விண்ணப்பத்தையும் ஏறக்குறைய அப்போதே திறக்கும். பல இடங்களில் கிறிஸ்துமஸுக்குள் மூடிவிடுவார்கள். அறை தேடி அலையும் அதே வாரங்களில் விண்ணப்பமும் போயாக வேண்டும். முதல் செமஸ்டர் மார்க் வரட்டும் என்று காத்திருந்தால், மார்க் வரும்போது ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். அதனால் சிவி ஊரிலேயே தயாராகட்டும்: இரண்டு பக்கம், புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர் எதுவும் வேண்டாம்.

விண்ணப்பத்துக்குப் பிறகு வரும் ஆன்லைன் எண்கணிதத் தேர்வில் பலர் கழிகிறார்கள். கணக்கு தெரியாமல் இல்லை, நேரம் போதாமல். அதைத் தாண்டினால் பதிவு செய்து அனுப்பும் வீடியோ நேர்காணல், பிறகு அசெஸ்மென்ட் சென்டர், அதாவது குழுப் பணியும் நேர்காணலும் சேர்ந்த இறுதிச் சுற்று.

"இப்போதோ பின்னாளிலோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்று படிவத்தில் கேட்பார்கள். உங்கள் வேலை விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்பதுதான் ஸ்பான்சர்ஷிப். ஆம் என்றே எழுதுங்கள். மறைத்து உள்ளே போனால் ஆஃபர் கட்டத்தில் உடையும். ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரை அதில் தேடுங்கள். உரிமம் இருந்தாலும் புதியவர்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தருவதில்லை என்று சொல்லும் நிறுவனங்கள் நிறைய.

சம்பளக் கணக்குதான் பலரைக் கவிழ்க்கிறது. 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசா) பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. மாணவர் விசாவிலோ, கிராஜுவேட் விசாவிலோ (படிப்பு முடிந்தபின் ஸ்பான்சர் இல்லாமலே தங்கி வேலை பார்க்க விடும் விசா) இருந்து மாறுபவர் 'நியூ என்ட்ரன்ட்', அதாவது புதிதாக நுழைபவர். அவருக்கு 33,400 பவுண்டு, அல்லது அந்தத் தொழில் குறியீட்டுக்கு (ஒவ்வொரு வேலை வகைக்கும் அரசு தரும் எண்) அரசு வைத்த சம்பளத்தில் 70%, எது கூடுதலோ அது. மேலாண்மை ஆலோசகர், பிசினஸ் அனலிஸ்ட் என்றால் குறியீடு 2431. அதே தேதியிலிருந்து பட்டதாரி நிலை வேலையாகவும் இருக்க வேண்டும் என்பதால், கடை மேற்பார்வையாளர் வேலையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இந்தக் குறைந்த சம்பளச் சலுகை மொத்தம் 4 ஆண்டுதான், கிராஜுவேட் விசாவில் கழிந்த காலமும் அதில் அடங்கும். 2 ஆண்டு அந்த விசாவில் கழித்துவிட்டு வந்தால் குறைந்த சம்பளத்தில் 2 ஆண்டுக்கு மட்டுமே ஸ்பான்சர்ஷிப். நீட்டிக்கும்போது முழு வரம்பு. இன்னொன்று: மாணவர் விசாவிலிருந்து நேராக மாறினால் நிறுவனம் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் (வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்ய நிறுவனம் அரசுக்குக் கட்டும் கட்டணம்) கட்ட வேண்டியதில்லை, கிராஜுவேட் விசாவிலிருந்து மாறினால் கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது 2025 டிசம்பர் முதல் ஆண்டுக்கு 1,320 பவுண்டு. எச்ஆரிடம் பேசும்போது இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அங்கும் பலருக்குத் தெரியாது. வேலை தொடங்கும் தேதி மட்டும் படிப்பு முடிந்த பிறகாக இருக்கட்டும்.

பார்ட் டைம் வேலையில் ஒரு பொறி. ஆய்வறிக்கை எழுதும் கோடைக்காலம் முதுகலைக்காரர்களுக்கு விடுமுறை அல்ல, படிப்புக் காலம். வாரம் 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. இளங்கலை நண்பன் கோடை விடுமுறையில் 40 மணி நேரம் வேலை பார்க்கிறானே என்று நீங்களும் பார்த்தால் விசாவுக்கே ஆபத்து.

கையில் ஆஃபர் இல்லாவிட்டால் கிராஜுவேட் விசா. 2025 ஏப்ரல் கட்டணப்படி அது 880 பவுண்டாக இருந்தது, அதோடு 2 ஆண்டு மருத்துவக் கட்டணம் 2,070. அப்போது மொத்தம் 2,950 பவுண்டு, ஒரே தவணையில். படிப்பை முடித்த தகவலைப் பல்கலைக்கழகம் உள்துறைக்கு அனுப்பிய பின்பே விண்ணப்பிக்கலாம், மாணவர் விசா காலாவதியாவதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு வரும்வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டு கிடையாது, 18 மாதம்தான். 2025 செப்டம்பரில் சேர்ந்தவர்கள், ரிசல்ட்டை உள்துறைக்கு என்று அனுப்புவார்கள் எனத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.